ரோந்துப் புத்தகம்

கோழிகள் குடியிருந்த தெருவில் முட்டைத் திருட்டு அதிகமானது. ரோந்து வரும் ஏட்டு நாயிடம் கொண்டைக்கோழி போய் முறையிட்டது.

"தெருமுனை டீக்கடையில ரோந்துப் புத்தகம் தொங்குது, பாரு. தினமும் வந்து கால் ரேகை வெச்சிருக்கேன். என் மேல என்ன தப்பு?" என்றது நாய், பன்னை மென்றுகொண்டே.

கோழி புரட்டிப் பார்த்தது. அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் ரேகை விழுந்திருந்தது.

கோழி ஒரு புதுப் புத்தகத்தைத் தெருவின் கடைசிக் கூண்டில், தன் இறக்கைக்கு அடியிலேயே வைத்துக்கொண்டது. நாளுக்கு ஒரு பக்கம்தான் திறந்து நீட்டியது.

நாய் முனகிக்கொண்டே தினமும் முழுத் தெருவையும் நடந்தது. பன் தின்று வளர்த்த தொப்பை கரைந்தது. முட்டைகள் கூண்டிலேயே இருந்தன.

பத்தாம் நாள் கீரி வந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"அக்கா, ஒரு பொது விஷயமா வந்தேன். புத்தகம் பழையபடி டீக்கடையிலேயே இருக்கட்டுமே. பாவம் ஏட்டய்யா, இவ்வளவு தூரம் நடக்கிறாரு. பார்க்கவே எனக்கு மனசு கேக்கல."