மாதிரிக்கு ஒரு நோயாளி

ஆய்வுக்கு வருவது ஒரு பெண் அதிகாரி, பதினொரு மணிக்கு வருவார், முன்கோபக்காரர். தலைமை அலுவலகத்தில் இருக்கும் சகலை காலையிலேயே போனில் இந்த மூன்றையும் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட இணைப்பு மையத்தின் மேலாளர் ஒன்பது மணியிலிருந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ரத்த அணுக்கள் அரிவாள்போல் வளைந்து வலியெடுக்கும் அரிவாள் செல் நோய் உள்ளவர்களைப் பெரிய ஆஸ்பத்திரியின் ரத்தநோய் நிபுணரிடம் சேர்த்துவைப்பதுதான் அந்த மையத்துக்கு இருந்த ஒரே வேலை. அதைத் தவிர மற்றதெல்லாம் அங்கே ஒழுங்காக நடந்தது. சுவர் நிறைய வரைபடம் மாட்டி, ஊருக்கு ஊர் சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தார்கள்.

நோயாளிகளுக்கு வெளிப்பக்கம் பன்னிரண்டு படி ஏறினால் ஒரு சன்னல் உண்டு. அதில் கையை நீட்டிச் சீட்டைக் கொடுத்தால், "சொல்லி அனுப்பறோம்" என்று பதில் வரும். அந்தக் கைகளுக்கு மேலே முகம் என்று ஒன்று இருப்பதை உள்ளே யாரும் பார்த்ததில்லை.

சரியாகப் பதினொரு மணிக்கு, படி இல்லாத பக்கவாசல் வழியாக, ஊழியர்கள் மட்டும் புழங்கும் கதவைத் தள்ளிக்கொண்டு அந்தப் பெண்மணி உள்ளே வந்தார். மடிப்புக் கலையாத உடை, தோளில் தோல் பை, மருந்துக்கும் சிரிப்பில்லாத முகம். யாரும் சொல்லாமலே மேலாளரின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மேலாளருக்கு அதற்குமேல் அத்தாட்சி தேவைப்படவில்லை. வந்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "தெரியும் மேடம், எல்லாம் தெரியும், காலையிலேர்ந்து உங்களுக்காகத்தான் காத்திட்டிருக்கோம்" என்று மேலாளர் முந்திக்கொண்டார்.

அந்தப் பெண்மணி முதலில் ஏசியை நிறுத்தச் சொன்னார், நிறுத்தினார்கள். தண்ணீர் கேட்டார், ஒரு பாட்டிலை முழுசாகக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். மாடியில் கூட்ட அறை தயாராக இருப்பதாக மேலாளர் குழைந்தபோது, மாடிக்கெல்லாம் வர முடியாது, எதுவானாலும் இங்கேயே ஆகட்டும் என்றார்.

"மேலிடத்துத் தோரணையே தனி" என்று குமாஸ்தா மேலாளரின் காதைக் கடித்தார்.

ஆய்வு நாளில் மாதிரிக்கு ஒரு நோயாளியை நிபுணரோடு இணைத்துக் காட்டுவது அங்கே வழக்கம். அதற்கென்றே ஒரு கோப்பைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். அதற்குரிய ஆள் ஊரைவிட்டே போய் இரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் ஒவ்வொரு ஆய்விலும் அவரைக் காகிதத்தில் தவறாமல் இணைத்துவிடுவார்கள்.

வழக்கம்போல் மேலாளர் அதை எடுத்து நீட்டி, என்ன செய்யப்போகிறோம் என்று விளக்கினார். அந்தப் பெண்மணி கோப்பை அவர் பக்கமே தள்ளினார்.

"அது வேண்டாம். முந்நூத்திப் பதினெட்டை எடுங்க."

பட்டியலை முன்கூட்டியே படித்துவிட்டு வந்திருக்கிறாரே என்று மேலாளர் குமாஸ்தாவை முறைத்தார். குமாஸ்தா தேடு தேடென்று தேடி, ஆடாமல் இருக்கப் பிரிண்டருக்கு அடியில் முட்டுக்கொடுத்திருந்த கோப்பை உருவிக்கொண்டு வந்தார்.

முப்பத்து நான்கு வயதுப் பெண். பதிந்து பதினான்கு மாதம். இந்த வருடம் மட்டும் நான்கு முறை வலி தாங்காமல் உள்ளூர் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறாள், அங்கே இரண்டு முறை, "நடிக்கிறாள்" என்று திருப்பியனுப்பியிருக்கிறார்கள். ரத்தம் போகாமல் இடுப்பெலும்பு செத்துக்கொண்டிருக்கிறது, உடனே நிபுணர் பார்க்காவிட்டால் நடக்கவே முடியாமல் போய்விடும் என்று குடும்ப டாக்டர் ஐந்து கடிதம் எழுதியிருந்தார். ஐந்தும் பிரிக்கப்படாமல் பத்திரமாக இருந்தன.

"ஏன் இன்னும் அனுப்பல?"

குமாஸ்தா சமயோசிதக்காரர். "நிஜமாவே வலிக்கிறவங்களா இருந்தா இத்தனை நாளைக்குள்ள இங்க வந்து கத்தியிருப்பாங்க மேடம். சும்மா இருக்காங்கன்னா சுமாரா இருக்காங்கன்னு அர்த்தம்."

அந்தப் பெண்மணி நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிலைமை கைமீறுவதற்குள் மேலாளர் போனை எடுத்தார். நிபுணரின் நேரடி எண் அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தது. அதுவரை மச்சானுக்கும் மச்சானின் நண்பர்களுக்கும் மட்டுமே அது பயன்பட்டிருந்தது.

இரண்டாவது மணியிலேயே நிபுணர் எடுத்தார். குடும்ப டாக்டரின் கடிதத்தைப் பிரித்துப் படிக்கச் சொல்லிக் கேட்டார். இந்த மையத்துக்கென்று வியாழக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் ஒதுக்கி வைத்திருப்பதாகவும், இதுவரை ஒருவரும் வரவில்லையே என்றும் வருத்தப்பட்டார். ஒலிபெருக்கியில் அது அறை முழுக்கக் கேட்டது, மேலாளர் இருமிப் பார்த்தும் பயனில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நேரம் கிடைத்தது. படுக்கை கிடைத்தது, அழைத்துப் போக வண்டி கிடைத்தது. பதினான்கு மாதமாக நடக்காத காரியம் ஏழு நிமிடத்தில் முடிந்தது.

"எழுத்துல குடுங்க" என்றார் அந்தப் பெண்மணி.

கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தார்கள். அவர் அதை இரண்டு முறை படித்தார், மடித்துப் பைக்குள் வைத்தார். அவருக்குக் கண் கலங்கியதைப் பார்த்து, நம் வேலைத்திறனில் நெகிழ்ந்துவிட்டார் என்று மேலாளர் பூரித்துப்போனார்.

"ரிப்போர்ட்ல எங்களைப் பத்தி நல்லதா ரெண்டு வரி எழுதுங்க மேடம்" என்றார் வாயெல்லாம் பல்லாக. "அந்தப் பேஷன்ட்டுக்கு இப்பவே போன் பண்ணி விஷயத்தைச் சொல்லிடறோம்."

அந்தப் பெண்மணி பல்லைக் கடித்துக்கொண்டு, மேசையைப் பிடித்து மெல்ல எழுந்தார்.

"வேண்டாம் சார், அது நான்தான்."