பாதி வாளி

அன்றும் சந்தியாகு மனைவியின் தோளில் கை போட்டுக்கொண்டுதான் பூசைக்கு வந்தான். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆன ஆள்! கிணற்றடியில் நின்ற லயத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"என்னாடி அருளாயி, மாப்பிள்ளைக்கு இன்னும் மவுசு கொறையலையா?" என்றாள் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள். "எங்க வீட்டு ஆளு பத்தடி முன்னால நடப்பாரு. நான் இருக்கேனா செத்தேனான்னு திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு."

வேலை நாட்களில் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலும் இதே கதைதான். பேர் கூப்பிட்டதும் ஆளுக்கொரு குரல் கொடுத்துவிட்டு, இருவரும் ஜோடி போட்டுக்கொண்டு பக்கத்துப் பக்கத்து மர நிரைகளுக்கு ரப்பர்ப் பால் வெட்டப் போய்விடுவார்கள். அருளாயி அன்றும் கேலியைக் காதில் வாங்காமல் அவனோடு நடந்தாள்.

சிங்கப்பூருக்கு வடக்கே லாயாங் லாயாங் என்னும் ரயிலடியிலிருந்து மூன்று மைல் உள்ளே இருந்தது அந்த ரப்பர்த் தோட்டம். மாதத்தில் ஒரு ஞாயிறு, கொட்டகையில் பூசை வைக்கச் சாமியார் வருவார். பிரெஞ்சுக்காரர், புதுச்சேரியில் தமிழ் படித்தவர். நல்ல மனிதர்; அதுதான் வினையாகப் போயிற்று.

முந்தின நாள் மாலை துரை பங்களாவில் தேநீர் குடித்தவர், கையோடு ஒரு காரியத்தையும் முடித்து வந்திருந்தார்.

"சந்தியாகு, நல்ல செய்தி!" என்றார். "தகப்பன் கூலியிலேயே குடும்பம் பிழைக்க வேண்டும், வயிற்றுப்பாட்டுக்காகத் தாய்மாரை வேலைக்கு விரட்டக் கூடாது என்று பாப்பரசர் நிருபம் எழுதியிருக்கிறார். துரையிடம் படித்துக் காட்டினேன். தோட்டத்தில் நல்ல வேலைக்காரன் நீ என்பதால் உன் குடும்பத்தில் தொடங்குகிறார். நாளை முதல் உன் கூலி கூடுகிறது. அருளாயி பெயரை வேலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி அவள் வீட்டுக்கு ராணி!"

சாமியார் ஒரு ஜெபமாலையை அவனிடம் நீட்டினார். அருளாயி சட்டென்று கை நீட்டி வாங்கி, அவன் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"புருஷனுக்கு வருவதையும் பெண்சாதிதான் வாங்குகிறாள்!" என்று சாமியார் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள்.

பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்காக மூலையில் ஒரு சாக்குத் திரை கட்டியிருந்தார்கள். அதன் முன் முழந்தாளிட்ட அருளாயி, தொடக்க ஜெபத்தைக்கூட மறந்துவிட்டாள்.

"எம் பேரை எடுக்க வேணாம்னு தொரைகிட்ட சொல்லுங்க சாமி."

"ஏன் மகளே? ஆணுக்குப் பெண் சமம் என்று சிங்கப்பூரில் சில சீமாட்டிகள் கூட்டம் போட்டுப் பேசுகிறார்களாம். அந்தக் காற்று இங்கேயும் அடிக்கிறதா?"

"அதெல்லாம் எனக்கு என்னா தெரியும் சாமி? அதே மரம், அதே கத்தி. ஆம்பளைக்கு ஒரு கூலி, எங்களுக்கு ஒரு கூலி. அதைக் கேட்டிருந்தீங்கன்னா ஒங்க காலத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன். இருக்கிற வேலையையும் புடுங்கிட்டீங்களே!"

அது சாமியாருக்கும் சுட்டிருக்க வேண்டும்.

"உன் நன்மைக்குத்தான் மகளே. பால் நிறுக்கும் கிராணி என்ன சொன்னார் தெரியுமா? சந்தியாகுவின் வாளி தளும்புகிறது, உன் வாளி பாதிகூட இல்லையாம். வெயில் ஏறிப் பால் சுருங்கிய பிறகுதான் உன் மரங்களுக்கே போகிறாயாம். முடியாத உடம்பை வைத்துக்கொண்டு ஏன் சிரமப்படுகிறாய்?"

"கூலியே வேணாம் சாமி. பேர் இல்லாம சும்மா அவருகூடக் காட்டுக்குப் போய்க்கிறேன்."

"பெயர் இல்லாதவர் மரத்தடியில் நிற்கக் கூடாது என்று துரை கண்டிப்பாக இருக்கிறாரே, உனக்குத் தெரியாதா?"

தெரியும். ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம் அது. வேலைக்கு ஆகாதவர்கள் என்று சொல்லி, போன மாதம்தான் மூன்று குடும்பங்களை நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றியிருந்தார்கள். ஊரில் இரண்டு பிள்ளைகளோடு ஒதுங்க அருளாயிக்கு ஒரு குடிசைகூடக் கிடையாது.

"சரி, துரையிடம் திரும்பப் போகிறேன் என்றே வைத்துக்கொள். என்ன காரணம் சொல்வது? நீயே சொல்."

அருளாயி திரையை ஒட்டி நகர்ந்தாள். "இங்க சொல்றது வெளிய போவுமா சாமி?"

"என் தலையே போனாலும் போகாது. துரையிடம் மட்டுமல்ல, என்னைப் பெற்ற தாயிடமும் சொல்ல மாட்டேன்."

அப்படியானால் இங்கே சொல்லிப் பயனில்லை. வெளியே போய்ச் சொன்னாலோ அடுத்த கப்பல்தான். பாவம், அவள் எங்கே போய் முட்டிக்கொள்வாள்? ஆனாலும் நெஞ்சை அடைத்துக்கொண்டு கிடந்ததை ஒருவரிடமாவது சொல்லாவிட்டால் செத்துப்போவோம் போலிருந்தது அவளுக்கு.

"சந்தியாகுவைப் போல் மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டை சீவுகிறவன் இந்தத் தோட்டத்திலேயே இல்லை என்று துரையே புகழ்கிறார்" என்றார் சாமியார் ஆறுதலாக. "அப்படிப்பட்டவன் கூலியில் நிம்மதியாகச் சோறு சாப்பிட உனக்கு என்ன தடை மகளே?"

அருளாயி சாக்குத் திரையை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அவருக்கு எட்டு மாசமாக் கண்ணே தெரியலை சாமி."