ஈரக் கண்ணாடி

"மறுபடியும் கண்ணாடி ஈரம்!"

நான் போட்ட கூச்சலில், ஆய்வக உதவியாளர் லசீசி, எங்களுக்கெல்லாம் 'பாபா', கதவோரமே நின்றுவிட்டார்.

என் பல்லிப் பெட்டிக்கு நாலு சுவர், நாலு விதம்: மரம், சுண்ணாம்பு, கண்ணாடி, ஒட்டாத வாணலித் தகடு. பாதத்தின் நுண்ணிய முடிகளை வைத்துக்கொண்டு பல்லி எதில் ஏறும், எதில் சறுக்கும் என்பதுதான் என் கடைசி வருட ஆய்வு. தகட்டில் சறுக்க வேண்டும். கண்ணாடியில் ஏற வேண்டும். மூன்று நாளாகக் கண்ணாடியிலும் சறுக்குகிறது. ஈரத்தில் பிடி நிற்காது.

பத்து மணிக்குப் பேராசிரியர் பார்க்க வருகிறார். ஏறாவிட்டால் இந்த இபாதான் பல்கலைக்கழகத்தில் இன்னொரு வருஷம்.

"நீங்கதானே பாபா தண்ணி தெளிக்கிறீங்க?"

"ஆமாம் தித்திம்மா. ஆனா அது..."

"பல்லி மேல விழுந்தா ஆகாதுன்னு உங்களுக்குப் பயம். அதுக்கு இதுங்களை வதைக்கிறதா?"

"பயம்தான் தித்தி. அதனாலதான்..."

"மிருக உரிமை பத்தி மாணவர் சங்கத்துல ஒரு மணி நேரம் பேசினவ நான். தெரியுமில்ல?"

"தெரியாம என்ன? நாற்காலி போட்டது நான். பாதியில எழுந்து போனவங்க நாற்காலியை அடுக்கினதும் நான்."

"கேலி வேறயா!" பையிலிருந்து காகிதத்தை உருவினேன். "புகார். துறைத் தலைவர்கிட்ட கொடுக்கப் போறேன்."

"கொடுங்க. மூணு நாளா சொல்ல வாயெடுக்கிறேன், முடிக்க விட்டாத்தானே? முதல்ல அந்தக் கிண்ணத்தைப் பாருங்க."

பெட்டிக்குள் பத்து நாளுக்கு முன்பு நான் வைத்த தண்ணீர்க் கிண்ணம். சகாராவிலிருந்து வீசும் வறண்ட ஹர்மட்டான் காற்றின் புழுதி அதில் ஏடு கட்டியிருந்தது. ஏடு எங்கும் கலையவில்லை.

"இதுங்க கிண்ணத்துல வாய் வைக்கல. சுவத்துல சொட்டு இருந்தா நக்கும். மரமும் சுண்ணாம்பும் உறிஞ்சிடுது, தகட்டுப் பக்கம் இதுங்க போகாது. கண்ணாடிதான் பாக்கி."

"இதெல்லாம் உங்களுக்கு எப்படி..."

"பயப்படுறவன் அதையேதானே பார்த்துக்கிட்டிருப்பான்?"

கண்ணாடியின் அடியில் ஒரு பல்லி, மிச்சமிருந்த சொட்டை அவசர அவசரமாக நக்கிக்கொண்டிருந்தது. அதன் விலா எலும்புகளை எண்ணலாம் போலிருந்தது.

"குடிச்சதும் துடைச்சிடுங்க. பத்து மணிக்குள்ள காஞ்சிடும், ஏறும்." பெட்டிக்கு இரண்டடி தள்ளி நின்றே துணியை நீட்டினார்.

கையிலிருந்த புகாரைப் பார்த்தேன். லசீசியின் பெயருக்குக் கீழே முதல் வரி: 'வாயில்லா ஜீவன்களின் தேவை தெரியாத ஒருவரிடம் அவற்றை ஒப்படைக்கலாமா?'

ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. பெயரை மட்டும்தான் மாற்ற வேண்டியிருந்தது.