பேரிக் கட்டையில் முனியாண்டி

நெஞ்சில் ஒப்பரேஷன் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பாரமான வேலை கூடாது என்று டாக்டர் சொல்லியும் தங்கவேலு கேட்பதாயில்லை. வாசலில் வேரோடு நின்ற பேரி மரத்து அடிக்கட்டையைத் தோண்டியெடுக்க இரும்பு அலவாங்கோடு வந்துவிட்டார். வந்தவர் திகைத்து நின்றார். கட்டை நிறைய மஞ்சளும் குங்குமமும்.

"தொடாதீங்க! முனியாண்டி கனவுல வந்து, அந்தக் கட்டையிலதான் குடியிருக்கேன்னு சொன்னாரு," என்றாள் மனைவி அம்மாக்கண்ணு.

"அதுலதானே நேத்து என் சட்டையத் தொவச்ச?"

"அப்ப வரல. ராத்திரிதான் வந்தாரு."

தங்கவேலு அலவாங்கைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கைகூப்பினார். நிம்மதியோடு தேத்தண்ணி ஊற்ற உள்ளே போன அம்மாக்கண்ணுவுக்கு, வெளியே அவர் முணுமுணுப்பது கேட்டது.

"முனியாண்டி, தையல் ஆறுற வரைக்கும் இங்கேயே இரு சாமி. நீ போயிட்டா இவ பயந்துருவா."