கடைசிக் கம்பி

பழைய சைக்கிள் சக்கரங்களை வாங்கி, கம்பி மாற்றி விற்பதுதான் அக்காவின் தொழில். எந்தச் சக்கரத்தைக் கோர்த்தாலும் கடைசிக் கம்பியைக் குறுக்கே வரும் கம்பிக்கு மேலே விடுவதற்குப் பதில் கீழே விட்டுவிடுவாள். "அதான் உன் கையெழுத்து" என்று தம்பி கிண்டல் செய்வான். அன்று காலைதான் அவனுடைய சைக்கிளுக்கு முன்சக்கரம் கோர்த்து, நடுவில் நீல நாடா சுற்றி மாட்டியிருந்தாள்.

அப்போது ஒருவர் நசுங்கிய சக்கரம் ஒன்றை விற்க வந்தார். ஒரே துரு. கடைசிக் கம்பி கீழே போயிருந்தது. நடுவில் ஒரு நீல நாடா வெளுத்துக் கிடந்தது.

"எங்கண்ணே கெடச்சுது?"

"பாலத்துக்குக் கீழம்மா. பத்து வருஷமா மண்ணுல கெடந்திருக்கும்."

அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் தம்பி வேலைக்குப் போக வேண்டும். வாசலில் அவன் பெடலில் கால் வைத்துவிட்டான்.

"டேய், எறங்கு! இன்னிக்கு நடந்து போ."

"காலங்காத்தால உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா?"

"போன்னா போடா!"

அவள் மஞ்சள் நூலில் தைத்துக் கொடுத்த செருப்பைத் தேய்த்துக்கொண்டு, முணுமுணுத்தபடியே அவன் தெருமுனை திரும்பினான். அக்காவுக்கு அப்புறம்தான் மூச்சே வந்தது. சைக்கிளை உள்ளே தள்ளிப் பூட்டினாள்.

வந்தவர் இன்னும் போகவில்லை. "சக்கரத்துக்குப் பக்கத்துல இதுவும் கெடந்துச்சு" என்று பையிலிருந்து ஒற்றைச் செருப்பை எடுத்து வைத்தார்.

அவள் மண்ணைத் தட்டினாள். வாரில் மஞ்சள் நூல் தெரிந்தது.