தூண் நின்ற இடம்

இடத்தின் பெயரைச் சொன்னால் அதன் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் எடுத்துக் கொடுத்துவிடும் நிரல் அது. மென்பொருள் எழுதுகிறவர்கள் இனி அந்த எண்களோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்று நசீமா பார்த்துப் பார்த்து எழுதியிருந்தாள். மறுநாள் வெளியீடு. கடைசிச் சோதனைக்காக அலுவலக முற்றத்துக் கல்தூணை அளந்தாள். நாலு வருஷத்துக்கு முன் பதிவான இடத்திலிருந்து தூண் வடகிழக்கே ஒரு சாண் தள்ளி நின்றது. நிரலில் பிழையில்லை, கருவியிலும் இல்லை. மதுரைக் கிளையிலும் நாக்பூர்க் கிளையிலும் பழைய பதிவோடு வைத்து அளக்கச் சொன்னாள். அங்கேயும் அதே சாண், அதே வடகிழக்கு.

"ஒரு சாண்தானே நசீமா, ரவுண்ட் பண்ணி விட்டுருங்க. நாளைக்குக் குடுக்கணும்," என்றான் பக்கத்து இருக்கை இளம்பரிதி.

"தூண் நகரல பரிதி. அடியில இருக்கிற புவித்தட்டோட நாடே நகருது. நம்மளையும் தூக்கிக்கிட்டு."

அவன் சிரிக்கப் போனான். சிரிப்பு வரவில்லை. தரையில் கிடந்த கால்களை மெல்ல எடுத்து நாற்காலியின் மேல் மடக்கி வைத்துக்கொண்டான்.

நசீமா முற்றத்தில் இறங்கி, தூணுக்குத் தென்மேற்கே கையைச் சாணாக விரித்துத் தரையில் வைத்தாள். அன்றைக்குத் தூண் நின்ற இடம். வெயிலில் தரை சுட்டது, கையை எடுக்க மனம் வரவில்லை. எடுக்காத கையும் அந்த இடத்தை விட்டுப் போய்க்கொண்டுதான் இருந்தது.

திரும்பி வந்து நிரலில் ஒரு வரி சேர்த்தாள். 'எந்த இடம்?' என்று மட்டும் கேட்டுவந்த அது, இப்போது 'எப்போது?' என்றும் கேட்டது. முதல் ஆளாக இளம்பரிதி அதில் தன் வீட்டு முகவரியைத் தட்டினான். அடுத்த கேள்விக்குத் தூக்கிய விரல் தூக்கியபடியே நின்றது.