நாலாவது குமிழ்

"திருட்டுப்போன ரேடியோவோட நாப் இது, தம்பி. இதுக்கு ஜோடி கேட்டு யார்னா வந்தாங்களா?"

பெரியவர் இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு குமிழை எடுத்து மேசைமேல் வைத்தார். காலையிலிருந்து கரண்ட் வருவதும் போவதுமாக, பாதி வேலையில் அலுத்துப்போய் உட்கார்ந்திருந்த மெக்கானிக் தசரதன் நிமிர்ந்து பார்த்தான்.

"ரேடியோவே இல்ல, நாபுக்கு ஜோடி தேடறீங்களா? டிரான்சிஸ்டர் வந்தப்புறம் இந்த மாதிரி பொட்டிய யாருங்க திருடறாங்க?"

"தூக்கிகினு போற அவசரத்துல இது மட்டும் கழண்டு வாசப்படியில வுழுந்துடுச்சி. சேத்துப்பட்டு, செஞ்சி, கண்ணமங்கலம்னு ஒரு ரிப்பேர்க் கடை விடல. ரெண்டு வருசமா அலையறேன். ஆரணிதான் பாக்கி."

பெரியவர் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

தசரதன் குமிழைத் திருப்பினான். பின்பக்கம் அரைவட்டத் துளை, உள்ளே எஃகுத் தகடு, முகத்தில் பித்தளை வளையம். பக்கவாட்டில் ஸ்க்ரூ வைத்து முறுக்குகிற டூப்ளிகேட் இல்லை. ரேடியோவோடு வந்த அசல் உருப்படியேதான்.

இதே மாதிரி மூன்று குமிழோடு, நாலாவது இடம் மட்டும் மொட்டையாக, ஒரு வால்வு ரேடியோ அவன் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் துண்டு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வேறு எதைக் காட்டினாலும் வேண்டாம், இதே மாதிரிதான் வேண்டும் என்று அதைக் கொண்டுவந்த பெண் ஒற்றைக்காலில் நின்றிருந்தாள்.

"இல்லீங்களே, யாரும் வரல."

துண்டின் ஓரத்தில் ஒரு பித்தளை வளையம் மின்னியது. பெரியவர் எழுந்து போய்த் துண்டை விலக்கினார். மொட்டைத் தண்டில் குமிழை வைத்து அழுத்தினார். 'டக்'கென்று உட்கார்ந்துகொண்டது.

"யார் குடுத்தது?"

"ஐயா, போலீஸ் கீலீஸ்னு போயிடாதீங்க. தறிக்காரர் பொண்டாட்டி, நிறைமாசம். பாவம், எவன்கிட்டயோ ஏமாந்து வாங்கியிருக்கும்."

"நிறைமாசமா?" பெரியவர் குமிழிலிருந்து கையை எடுக்கவில்லை. "இந்தக் கனத்த அவளா தூக்கிகினு வந்தா? கூட யாரும் இல்லியா?"

கூட்டாளியைத் தேடுகிறார் என்று தசரதனுக்குப் பட்டது. "புருசன்தாங்க தூக்கிகினு வந்தாரு. நல்ல மனுசன். அந்தப் பொண்ண ஒரு அடி வேகமா வைக்க விடல."

பெரியவர் தலையை மட்டும் ஆட்டினார். "எப்ப வருவாங்க?"

"இருட்டறதுக்குள்ள வந்துடுவாங்க."

அந்தப் பெண் வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் நிற்பதை நினைக்கவே தசரதனுக்குத் தாங்கவில்லை. "இப்பவே எடுத்துகினு போயிடுங்க ஐயா. உங்க பொருள். அதுங்கிட்ட நான் என்னமோ சொல்லிக்கிறேன். கேஸ் மட்டும் வேணாம்."

பெரியவர் குமிழை ஒருமுறை திருகிப் பார்த்தார். துண்டை உதறி ரேடியோவை மறுபடி மூடினார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பார்த்தபடியே செருப்பை மாட்டிக்கொண்டார்.

"நாப் ஏதுன்னு கேட்டா, அப்பா வந்து மாட்டிட்டுப் போனாருன்னு சொல்லு."